அணைக்குச் சங்கு உண்டு, அட்டைக்கு?

வைகை அணையிலே தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை. 68.5 அடியைத் தொட்டால் இரண்டாம் எச்சரிக்கை. 69 அடி என்றால் மூன்றாம் எச்சரிக்கை, சங்கு ஒலிக்கும், தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கும் செய்தி பறக்கும், ஆற்றோரத்து மக்கள் மேட்டுக்குப் போவார்கள். அணையின் முழு உயரம் 71 அடி. 71 அடி நிரம்பும்வரை வாய் மூடிக்கொண்டிருந்து, மதகு திறந்த பிறகு, "வெள்ளம் வருகிறது, வேண்டுமானால் ஓடுங்கள்" என்று சொல்லுகிற பொறியாளனை யாராவது வேலைக்கு வைத்துக்கொள்வார்களா, தம்பி? வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் கடன் என்ற வெள்ளத்துக்கு மட்டும் அப்படிப்பட்ட பொறியாளர்களைத்தான் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்! கம்பத்திலே, சின்னமனூரிலே, போடியிலே, பெரியகுளத்திலே, ஆண்டிபட்டியிலே வாலிபர்களின் சட்டைப் பையிலே ஒரு பளபளப்பான அட்டை இருக்கிறது. கிரெடிட் கார்டு என்கிறார்கள். கடன் அட்டை என்போம். அது நெஞ்சளவு ஏறிய பிறகுதான் ஊருக்குத் தெரிகிறது. அதுவரை சங்கும் இல்லை, சத்தமும் இல்லை. கைப்பேசியிலே ஒரு சிறு கிணுகிணுப்பு, அவ்வளவுதான்!

இந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கு வட்டி என்றால் என்ன என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். ஒரு வட்டி, இரண்டு வட்டி, ஐந்து வட்டி, பத்து வட்டி என்று விரல்விட்டு எண்ணுவார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பது அந்தக் கணக்கு. பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டிக்கும் அது விளங்கும். வங்கிக்காரர்கள் அந்தக் கணக்கிலே பேசாமல், "வருடாந்திரச் சதவீதம்", "நிதிக் கட்டணம்", "ரொக்க முன்பணக் கட்டணம்" என்று பேசுகிறார்கள். விளங்காத சொல்லிலே விலையைச் சொன்னால் வாங்குகிறவன் பேரம் பேச மாட்டான் அல்லவா? ஆகவே, அவர்கள் கணக்கை நம் கணக்குக்கு மாற்றிப் பார்ப்போம்.

நூற்றுக்கு ஏழு!

உத்தமபாளையத்துப் பக்கம் ஓர் இளைஞன். தேனியிலே ஆலை வேலை. அப்பாவின் வயலிலே மோட்டார் எரிந்துவிட்டது. சூன் மாதம் தலை மதகு திறந்தாகிவிட்டது, நடவு நேரம். 20,000 ரூபாய் உடனே வேண்டும். ஐந்து வட்டிக்காரனிடம் போக மானம் தடுக்கிறது. அட்டையை ஏ.டி.எம். எந்திரத்திலே செருகுகிறான், பணம் வருகிறது. கையெழுத்து இல்லை, பிணை இல்லை, கெஞ்சல் இல்லை. "அடடா, என்ன நாகரிகம்!" என்று மகிழ்ந்து போகிறான்.

அந்த நாகரிகத்தின் விலை என்ன? பல அட்டைகளிலே ரொக்கம் எடுத்தால் உடனடிக் கட்டணம் இரண்டரை சதவீதம், குறைந்தது 500 ரூபாய். 20,000க்கு 500. அந்த 500க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 90 ரூபாய். பணத்தை வாங்கி மடித்துப் பையிலே வைப்பதற்குள் 590 ரூபாய் போயிற்று.

அடுத்தது வட்டி. மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அட்டை உலகத்திலே சாதாரணமாக நடமாடுகிற வீதம்தான் அது. ஆண்டுக்கு 42 சதவீதம். 20,000க்கு ஒரு நாளைக்கு 23 ரூபாய். பொருள் வாங்கினால் சில வாரம் வட்டியில்லாத் தவணை உண்டு. ரொக்கத்துக்கு அது கிடையாது, ஒரு நாள் கூடக் கிடையாது! எடுத்த அன்றே வட்டி பிறந்துவிடுகிறது. தொட்டிலிலே கிடக்காமல் எழுந்து ஓடவும் தொடங்கிவிடுகிறது. முப்பது நாளுக்கு 690 ரூபாய். கடன் அட்டை வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு, மற்றக் கடன்களின் வட்டிக்கு விலக்களித்த வரிச் சட்டம், அட்டை வட்டிக்கு மட்டும் விலக்கு இல்லை என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. அது 124 ரூபாய்.

கூட்டிப் பார், தம்பி. 590, 690, 124. மொத்தம் 1,404 ரூபாய். இருபதாயிரத்துக்கு ஒரு மாதத்திலே ஆயிரத்து நானூற்று நான்கு! நூற்றுக்கு ஏழு வட்டி! ஐந்து வட்டிக்காரன் வாங்கியிருந்தால் ஆயிரம்தான் வாங்கியிருப்பான். அவனை ஊரார் பெயர் சொல்லி ஏசுகிறார்கள். ஏழு வாங்குகிறவனுக்குக் கண்ணாடி மாளிகை, குளிர்ந்த காற்று, வாசலிலே காவலாள்!

"பத்தே நாளிலே திருப்பிக் கட்டிவிட்டால்?" என்று கேட்பாய். அப்போதும் 590 ரூபாய் திரும்பி வராது. பத்து நாள் வட்டி 230, அதற்கு வரி 41. ஆக 861 ரூபாய். இரண்டாம் மாதம் கடன் நீடித்தால் புதுக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் வட்டியும் வரியுமாக நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு நடந்துகொண்டே இருக்கும்.

கடைத்தெருவிலே இன்னொரு வித்தையும் நடக்கிறது. பொருள் எதுவும் விற்காமலே அட்டையைத் தேய்த்து, தன் பங்கை முன்கூட்டியே கழித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். வங்கி விதிக்கு இது விரோதம். கண்டுபிடித்தால் அட்டை முடங்கும். முடங்காவிட்டாலும், கடைக்காரனுக்கு ஒரு பங்கு, கெடு தப்பினால் வங்கிக்கு ஒரு பங்கு. இரு பக்கமும் எரிகிற கொள்ளி அது.

1,500 கட்டினான், கடன் வளர்ந்தது!

ரொக்கம் எடுக்காதவன் தப்பித்தானா? அதையும் பார்ப்போம்.

தங்கை திருமணத்துக்கு ஒரு குளிர்பெட்டி வாங்குகிறான் ஒருவன். விலை 30,000 ரூபாய். வாங்கியது சூன் 20. பில் வருகிற நாள் சூலை 15. கட்ட வேண்டிய கெடு ஆகசுட்டு 5. கெடுவுக்குள் முழுத் தொகையும் கட்டிவிட்டால் வட்டி ஒரு காசும் இல்லை. 46 நாள் இலவசக் கடன்! இதை மறைக்க மாட்டேன். கையிலே பணத்தை வைத்துக்கொண்டு கெடு தவறாமல் முழுதும் கட்டுகிறவனுக்கு அட்டை நல்ல வேலைக்காரன்தான்.

ஆனால் பில்லிலே இரண்டு தொகை அச்சடித்திருக்கிறதே! ஒன்று, மொத்தத் தொகை 30,000. மற்றொன்று "மினிமம் டியூ", குறைந்தபட்சத் தொகை 1,500. இரண்டாவதைப் பார்த்ததும் நம் தம்பியின் முகம் மலர்கிறது. "ஆயிரத்தைந்நூறு கட்டினால் போதுமாமே! மீதியை மெல்லக் கட்டலாமே!" என்கிறான். கட்டுகிறான். அபராதம் இல்லை. நிம்மதியாகத் தூங்குகிறான்.

வட்டி தூங்கவில்லை! முழுதும் கட்டாத அன்றே இலவசத் தவணை செத்துவிட்டது. வட்டிக் கணக்கு ஆகசுட்டு 5இலிருந்து தொடங்குவதில்லை. பின்னோக்கிப் பாய்ந்து, பொருள் வாங்கிய சூன் 20இலே போய் நிற்கிறது. கட்டிய 1,500ஐத் தாராளமாகக் கழித்துவிட்டு, மீதி 28,500க்கு மட்டுமே கணக்கிடுவோம். அடுத்த பில் நாளான ஆகசுட்டு 15 வரை 56 நாள். வட்டி 1,836 ரூபாய். வரி 331 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,167. அடுத்த பில்லிலே கடன் எவ்வளவு? 30,667 ரூபாய்!

முப்பதாயிரம் கடன், ஆயிரத்தைந்நூறு கட்டினான், இப்போது முப்பதாயிரத்து அறுநூற்று அறுபத்தேழு! கொடுத்தவன் கை குறைந்தது, கடன் உடல் பெருத்தது. அது மட்டுமா? பழைய பாக்கி நிற்கிறவரை, புதிதாக அட்டையிலே வாங்குகிற அரிசிக்கும் மருந்துக்கும்கூட வாங்கிய நாள் முதல் வட்டி ஓடும். வட்டியில்லாத் தவணை அந்தப் பொருள்களுக்கும் போயிற்று.

இனி மாதா மாதம் நூற்றுக்கு ஐந்து வீதம் கட்டுகிறான் என்று கொள்வோம். ஐந்து ரூபாயிலே 4 ரூபாய் 13 காசு வட்டிக்கும் வரிக்கும். அசலிலே கழிவது 87 காசு! அட்டையை அதன்பிறகு ஒரு முறைகூடத் தேய்க்காமல் இருந்தாலும், கடன் பாதியாகக் குறையவே ஐந்தாண்டுக்கு மேல் ஆகும். குளிர்பெட்டி பழுதாகும்; தங்கையின் குழந்தை பள்ளிக்கூடம் போகும்; கடன் மட்டும் கல்யாணப் பந்தலிலேயே நிற்கும்!

வைகை அணையின் அன்றாடச் செய்தியிலே நான்கு எண் வரும். நீர்மட்டம், நீர்வரத்து, நீர்திறப்பு, இருப்பு. இந்தப் பகுதியிலே டீக்கடைப் பெஞ்சிலே உட்கார்ந்திருப்பவனும் அதைப் படித்தவுடன், அணை ஏறுமா இறங்குமா என்று சொல்லிவிடுவான். அட்டைப் பில்லையும் அப்படிப் படி. வரத்து எது? வட்டி, வரி, புதுச் செலவு. திறப்பு எது? நீ கட்டுகிற பணம். வரத்து 2,167, திறப்பு 1,500 என்றால் மட்டம் ஏறாமல் என்ன செய்யும்?

ஒருவனுக்குச் சிறை, ஒருவனுக்குச் சிம்மாசனம்

இனிமேல்தான் முக்கியமான கேள்வி. அதிக வட்டி குற்றம் என்று சொல்லுகிற சட்டம் நம் நாட்டிலே இல்லையா? இருக்கிறது. 2003ஆம் ஆண்டு தமிழ்நாடு அதிக வட்டி வசூலிப்புத் தடைச் சட்டம். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே அந்தச் சட்டம் தடுக்கிறது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை. 2017ஆம் ஆண்டு அக்டோபரிலே நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலிலே, கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதை நாடு மறக்கவில்லை. 2025ஆம் ஆண்டிலே கடன் வசூல் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் மேலும் ஒரு சட்டம் இயற்றியது.

ஆனால் அட்டை வழங்குகிற வங்கி, கந்துவட்டிச் சட்டத்தின் பிடியிலே வருவதில்லை. ஏன்? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். வட்டித் தொழிலும், வட்டித் தொழில் செய்வோரும், உழவர் கடன் நிவாரணமும் மாநிலப் பட்டியலிலே, 30ஆம் இனம். வங்கித் தொழில் மத்தியப் பட்டியலிலே, 45ஆம் இனம். ஆண்டிபட்டியிலே வட்டிக்கு விடுகிறவனைத் தமிழ்நாடு தட்டிக் கேட்கலாம். ஆண்டிபட்டியிலே அட்டை விற்கிற வங்கியைக் கேட்க முடியாது. கேட்க வேண்டியவர்கள் டில்லியிலும் பம்பாயிலும் இருக்கிறார்கள்.

சரி, நீதிமன்றம் கேட்கலாமே என்பீர்கள். 1918ஆம் ஆண்டிலே வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரு சட்டம் வந்தது; வட்டி கொடுமையானது என்று கண்டால் நீதிபதி கணக்கைத் திறந்து குறைக்கலாம் என்றது. 1984ஆம் ஆண்டிலே வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்திலே 21ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வங்கி வாங்குகிற வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் கணக்கைத் திறக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டார்கள். வெள்ளைக்காரன் திறந்து வைத்த கதவை நம்மவர்கள் மூடினார்கள்!

2008ஆம் ஆண்டு தேசிய நுகர்வோர் ஆணையம், அட்டைக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வாணிபம் என்று தீர்ப்புச் சொன்னது. ஏழைக்கு ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. 2024ஆம் ஆண்டு திசம்பர் 20ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. வட்டி வீதம் ரிசர்வ் வங்கியின் எல்லைக்கு உட்பட்டது, ஆணையம் அதிலே தலையிட முடியாது என்றது. ரிசர்வ் வங்கியோ, வட்டி வரம்பு மீறலாகாது, உச்சவரம்பை வழங்குகிற நிறுவனமே வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பட்டிக்கு எவ்வளவு உயரம் வேலி போடுவது என்று ஓநாயைக் கேட்டால் அது என்ன சொல்லும்?

"பிணையில்லாக் கடன், சிலர் கட்டாமல் ஓடுகிறார்கள், அந்த இழப்பை எப்படி ஈடுகட்டுவது?" என்று வங்கிக்காரர்கள் வாதாடுகிறார்கள். நியாயம் இருக்கிறது. ஆனால் ஓடிப்போனவனின் பாக்கியை, ஓடாமல் நின்று மாதாமாதம் கட்டுகிறவன் தலையிலே எத்தனை மடங்கு ஏற்றலாம் என்பதற்கு ஓர் அளவு வேண்டாமா? அணைக்கு 71 அடி என்று அளவு வைத்த மனிதன், வட்டிக்கு அளவு வைக்க முடியாதா?

திராட்சைப் பள்ளத்தாக்கிலே பிறந்தது

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. 1958ஆம் ஆண்டு செப்டம்பரிலே, அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, ஃபிரெசுனோ என்ற ஊரிலே, பாங்க் ஆஃப் அமெரிக்கா கேட்காதவர்களுக்கெல்லாம் சுமார் 60,000 அட்டைகளைத் தபாலிலே அனுப்பியது. ஃபிரெசுனோவும் நம் கம்பத்தைப் போல் திராட்சை விளைகிற பள்ளத்தாக்கு! நான்கு மாதம் கழித்து, 1959ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், காமராசர் வைகை அணையைத் திறந்து வைத்தார். அங்கே கடன் மதகு திறந்தது. இங்கே தண்ணீர் மதகு திறந்தது. கேளாமல் அட்டை அனுப்புவதை அமெரிக்கா 1970இலே தடை செய்தது.

1978இலே அந்த நாட்டு உச்சநீதிமன்றம் ஒரு வழக்கிலே தீர்ப்பளித்தது. நெப்ராசுகா மாநிலத்து வங்கி, மின்னசோட்டா மாநிலத்து மக்களிடம் தன் ஊர் வட்டியையே வாங்கலாம். மின்னசோட்டாவின் வட்டி வரம்பு அதைக் கட்டாது என்றது. விளைவு? வட்டி வரம்பைத் தளர்த்திய தெற்கு டக்கோட்டா மாநிலத்துக்குப் பெரிய வங்கி ஒன்று அட்டைத் தொழிலையே 1981இலே மாற்றிக்கொண்டது. மாநிலத்தின் கையைக் கட்டினால் மக்களின் பை கிழியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தியாவிலே அட்டை 1980இலே வந்தது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலே புழக்கத்திலிருந்த அட்டைகள் 10 கோடியைத் தாண்டின. பத்துக் கோடி அட்டை! மாநில சுயாட்சி என்றால் மேடைப் பேச்சு என்று ஏளனம் செய்வோருக்குச் சொல்லுகிறேன்: 1969இலே இராசமன்னார் குழுவை அமைத்ததும், 1974இலே சட்டமன்றத்திலே தீர்மானம் நிறைவேற்றியதும் கோட்டையிலே நாற்காலியை உயர்த்துவதற்காக அல்ல. உத்தமபாளையத்து உழவன் மகனின் பில்லிலே ஒரு ரூபாய் கூடுதலா குறைவா என்பதிலேயும் அந்த உரிமை அடங்கியிருக்கிறது.

கையிலே இருக்கிற ஆயுதம்

சட்டம் மாறும்வரை சும்மா இருப்பதா? இல்லை. இருக்கிற ஆயுதத்தை எடுத்துக்கொள்.

அட்டையிலே ரொக்கம் எடுக்காதே. அது கடைசி வழியாகக்கூட வேண்டாம். பயிர்ச் செலவுக்குத் தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. அவசரத்துக்கு நகைக் கடன் இருக்கிறது. 1989இலே தருமபுரியிலே தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. அங்கே நாலு பேர் கேள்வி கேட்பார்கள் என்று கூச்சப்படாதே. அந்தக் கேள்விதான் உனக்குச் சங்கு!

பில்லிலே பெரிய தொகையைப் பார். சின்னத் தொகையைப் பார்க்காதே. முழுதும் கட்ட இயலாவிட்டால் அட்டையை மடித்து வை. புதுச் செலவு செய்யாதே. முடிந்த அளவு அதிகமாகக் கட்டு. வட்டி குறைந்த கடன் கிடைத்தால் வாங்கி இதை அடை.

2022ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி பிறப்பித்த நெறிமுறை உனக்குச் சில உரிமைகள் தந்தது. கேளாமல் அட்டை தந்து கட்டணம் போட்டால் அதை ரத்துச் செய்வதோடு, அதைப் போல் இரு மடங்கு உனக்குத் தர வேண்டும். பாக்கியில்லாத அட்டையை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உனக்கு. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடலாகாது. வசூல்காரன் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்திலே முறையிடு. முப்பது நாளிலே தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போ. அதற்குக் கட்டணம் இல்லை. கடன்பட்டவன் குற்றவாளி அல்ல. தற்கொலை எந்தக் கணக்கையும் தீர்க்காது, குடும்பத்தைத்தான் தீர்க்கும்.

நம் கோரிக்கை

அதே நெறிமுறையிலே ஒரு வரி உண்டு. அட்டையின் விதிகள் எளிய நடையிலே இருக்க வேண்டும். "கூடுமானவரை" ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்று. கூடுமானவரையாம்! வட்டி வாங்குவதிலே கூடுமானவரை உண்டா? கெடு தவறினால் கூடுமானவரை அபராதமா? தமிழனிடம் வாங்குகிற பணத்துக்குத் தமிழிலே கணக்குக் காட்டு என்பது சலுகை அல்ல, நேர்மை.

ஆகவே கேட்கிறோம். அட்டைப் பில் தமிழிலே வரட்டும். "இந்தச் சின்னத் தொகையை மட்டும் கட்டினால் அடுத்த மாதம் உன் கடன் இவ்வளவு" என்று ரூபாயிலே, பெரிய எழுத்திலே, அந்தத் தொகைக்குப் பக்கத்திலேயே அச்சாகட்டும். ஏ.டி.எம்.மிலே கடன் அட்டையைச் செருகினால், பணம் வருமுன் கட்டணமும் நாள் வட்டியும் திரையிலே தெரியட்டும். வட்டிக்கு உச்சவரம்பை ரிசர்வ் வங்கி வகுக்கட்டும். வகுக்க மனமில்லையென்றால் அந்த அதிகாரத்தை மாநிலத்துக்குத் தரட்டும். 21ஏ பூட்டு உடையட்டும்.

66 அடியிலே ஒரு குரல், 68.5 அடியிலே ஒரு குரல், 69 அடியிலே ஒரு குரல் என்று ஆற்றங்கரை மக்களைக் காக்கத் தெரிந்த நாட்டுக்கு, அட்டைக் கடனிலே மூழ்குகிறவனை எச்சரிக்கத் தெரியாமல் இல்லை. மனம்தான் வேண்டும். அந்த மனத்தை உண்டாக்குவது நம் வேலை, தம்பி. அதுவரை உன் பில்லுக்கு நீயே சங்கு!